தமிழ் ஒலி வரலாற்றெழுத்தில் கேட்போர்: எம்டன் முதல் போர்க்கால வானொலி வரை வடசென்னையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தின் தொடக்ககால ஒலிப்பதிவு, வானொலி ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி பெற்றுள்ளன. பாடியவர், பதிந்த நிறுவனம், ஒலிபரப்பிய நிலையம் ஆகிய மூன்றுமே இவ்வாய்வுகளின் முதன்மைச் சான்றுகள். கேட்டவர் அவற்றில் சந்தையாகவோ உரிமக் கணக்காகவோ மட்டும் இடம்பெறுகிறார். இச்சான்றுத் தேர்வின் விளைவாக இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தை ஒட்டி நீளும் வடசென்னை, நகரின் ஒலி வரலாற்றில் ஓரிடமாக அமையாமல் இரைச்சலாக மட்டும் எஞ்சுகிறது. 1914ஆம் ஆண்டு எம்டன் தாக்குதல், 1930ஆம் ஆண்டு தொடங்கிய மாநகராட்சி வானொலி, இரண்டாம் உலகப்போர்க்கால ஒலிபரப்பு ஆகிய மூன்று நேர்வுகளைக்கொண்டு இக்குறைபாட்டை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னை, இசைத்தட்டு, மாநகராட்சி வானொலி, எம்டன், அபாயச் சங்கு, கேட்பு வரலாறு.

முன்னுரை

இந்திய ஒலிப்பதிவின் வரலாறு பெரும்பாலும் ஒரே தொடக்கப்புள்ளியிலிருந்து சொல்லப்படுகிறது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்ததே அது. அடுத்த சில ஆண்டுகளில் பதிவாளர்கள் தெற்கே வந்தனர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றோர் குரல்கள் தட்டேறின. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை நிறுவப்பட்டதும் இசைத்தட்டு இந்தியப் பொருளாயிற்று. இவ்வரிசையில் ஒவ்வொரு கட்டத்தையும் குறிப்பது ஒரு பதிவு. பதிவு இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்ற முடிவு இதனுள் சொல்லப்படாமலேயே அடங்கியிருக்கிறது.

ஒலிக்கு வரலாறு உண்டு என்றால் கேட்டலுக்கும் வரலாறு உண்டு. ஒலிக்கருவிகள் மனிதக் கேட்டலை மாற்றின என்பது பழைய பார்வை. கேட்டலில் முன்னரே நிகழ்ந்துவந்த மாற்றங்களே அக்கருவிகளுக்கு இடமளித்தன என்று ஜொனாதன் ஸ்டெர்ன் 2003இல் வெளிவந்த தம் நூலில் அதைத் திருப்பிப் போட்டார். தமிழாய்வில் இத்திருப்பம் இன்னும் முழுமையாக நிகழவில்லை. அது நிகழாததால் ஏற்படும் இழப்பை வடசென்னையில் தெளிவாகக் காணலாம்.

1. ஆய்வு மரபும் அதன் சான்றுத் தேர்வும்

இத்துறையின் முன்னோடி சு. தியடோர் பாஸ்கரன். 1981இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் நாடகம், பாட்டு, திரைப்படம் ஆகிய வெகுசன ஊடகங்களுக்கும் தேசிய இயக்கத்துக்கும் இருந்த உறவை ஆவணங்களின் துணையோடு நிறுவியது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டவற்றை அரசியல் வரலாற்றின் சான்றாக்கியது அந்நூலின் பெரும்பணி. இசைத்தட்டும் வானொலியும் சேர்ந்து தென்னிந்தியாவில் வெகுசனப் பண்பாட்டை உருவாக்கிய முறையை ஸ்டீபன் ஹியூஸ் 2002ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்தார். தொழில்நுட்பம், வணிகம், இசை ஆகிய மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்த்தது அவர் பங்களிப்பு. 2006இல் வெளிவந்த நூலில் அமண்டா வைட்மன், செவ்வியல் குரல் என்னும் கருத்தே ஒலிவாங்கி, இசைத்தட்டு, அச்சு ஆகியவற்றோடு சேர்ந்து உருவான நவீனக் கட்டமைப்பு எனக் காட்டினார். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004), குஜிலி நூல்கள் எனப்பட்ட மலிவுப் பதிப்புகளைத் தமிழ் இலக்கிய வரலாற்றுக்குள் கொண்டுவந்தது.

இவ்வாய்வுகளின் தரம் ஐயத்துக்கு இடமற்றது. அவற்றின் சான்றுத் தொகுதி எங்கிருந்து வருகிறது என்பதே இங்குக் கேள்வி. நிறுவனப் பட்டியல்கள், பத்திரிகை விளம்பரங்கள், சபா அறிக்கைகள், அரசின் தணிக்கைக் கோப்புகள், கலைஞர் வாழ்க்கைக் குறிப்புகள் ஆகியவை இயல்பாகவே பேசியவர், பாடியவர், விற்றவர், தடுத்தவர் பக்கத்தில் உருவானவை. வானொலி பற்றிய தமிழ் நூல்களிலும் இதே சாய்வைக் காணலாம். சோ. சிவபாதசுந்தரத்தின் 'ஒலிபரப்புக் கலை' தமிழில் இப்பொருள் பற்றிய முன்னோடி நூல். ஆனால் ஒலிபரப்பாளர் எவ்வாறு பேசவேண்டும் என்பதைத் தன் கடமையாகக் கொண்டதால் அது நிலையத்துக்குள் நின்றே வானொலியைப் பார்க்கிறது.

சான்றுகளின் இச்சாய்வு நிலவியல் சாய்வாகவும் மாறுகிறது. இசைத்தட்டுக் கடைகள் அமைந்த மவுண்ட் ரோடு, வானொலி நிலையம் அமைந்த எழும்பூர், சபாக்கள் வளர்ந்த மயிலாப்பூர் ஆகியவை ஒலியின் இடங்களாகின்றன. இவ்வரைபடம் இசை வரலாற்றுக்கே முழுமையாகப் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை இசையின் மையம் வடக்கே இருந்தது. தியாகராசரின் மாணவர் வீணை குப்பையர் முத்தியாலுப்பேட்டையில் வாழ்ந்தார். திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராசர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகள் அத்தொடர்பில் பிறந்தவை. குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகையர் என்றே அறியப்பட்டார். வீணை தனம்மாள் வாழ்ந்ததும் ஜார்ஜ் டவுனில்தான். அவர் வாசிப்பைக் கொலம்பியா நிறுவனம் பதிந்தது 1932இல். 1925வரை புழக்கத்திலிருந்த பதிவு முறையில் ஒலி ஒரு பெரிய குழாய்க்குள் நேராகச் செலுத்தப்பட்டு ஊசியை அசைத்தது. உரத்த குரலும் காற்றுக்கருவிகளும் அதில் நன்கு பதிந்தன. மென்மையான வீணை ஒலி எளிதில் பதியவில்லை. ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் வந்த பின்னரே தனம்மாளின் வாசிப்பைத் தட்டு ஓரளவேனும் ஏந்தமுடிந்தது. ஆகவே ஒருவர் குரல் தட்டில் இருப்பதும் இல்லாததும் அவர் சிறப்பைப் பொறுத்தது மட்டுமன்று. கருவியின் வரம்பையும் பொறுத்தது. பதிவையே சான்றாகக்கொள்ளும் வரலாறு கருவியின் வரம்பைத் தன் வரம்பாக்கிக்கொள்கிறது.

2. பதிவாகாத ஓர் ஒலி: 1914

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், கார்ல் பான் முல்லர் தலைமையிலான ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் 130 அளவிலான குண்டுகள் வெடித்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி மூன்று இலட்சம் கேலனுக்கும் மேற்பட்ட எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்றிருந்த கப்பலொன்றில் உயிரிழப்பும் நேர்ந்தது. கரைப் பீரங்கிகளின் பதிலடி இலக்கில் படவில்லை. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் இன்றும் உள்ளது.

அந்த இரவின் ஒலி எந்தத் தட்டிலும் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. குழாய்வழிப் பதிவுக்கு ஒலி மூலம் சில அடி தூரத்தில் அசையாமல் இருக்கவேண்டும். போர்முனையில் ஒலியைப் பதிய முயன்ற நேர்வு ஒன்று உண்டு. பிரெட் கெய்ஸ்பர்க்கின் தம்பி வில் கெய்ஸ்பர்க் 1918 அக்டோபரில் பிரான்சின் லீல் நகருக்கு அருகே பிரித்தானியப் பீரங்கிப்படை நச்சுவாயுக் குண்டுகளைச் சுடும் ஓசையைப் பதிந்ததாக அறிவித்து இசைத்தட்டு வெளியிடப்பட்டது. அத்தட்டின் ஒலி முழுவதும் களத்தில் பதிவானதுதானா, பதிவகத்தில் சேர்க்கப்பட்டதா என்ற ஐயம் பிற்கால ஆய்வாளரிடையே எழுந்தது. போரின் ஓசை என்று விற்கப்பட்ட பதிவே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது, பதிவு ஒன்றையே உறுதியான சான்றாகக் கொள்வது முறையன்று.

எம்டனின் ஓசை வேறொரு வகையில் தங்கியது. கப்பலின் பெயர் தமிழில் சொல்லாயிற்று. தந்திரமும் துணிவும் மிக்கவரை, அஞ்சவைப்பவரை, 'பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு சென்னையைக் கடந்து தமிழகம் முழுதும் பரவியது. மலையாளத்தில் 'எமண்டன்' மிகப்பெரியதைக் குறிக்கிறது. சிங்களத்திலும் எம்டன் என்பது சூழ்ச்சிக்காரரைச் சுட்டுகிறது. வங்கக்கடலிலிருந்து அரபிக்கடல்வரை ஒரு கப்பல் ஏற்படுத்திய அச்சத்தின் எல்லையை இம்மூன்று மொழிகளின் வழக்கும் காட்டுகின்றன. மூன்றிலும் பொருள் ஒரே திசையில் நகர்ந்திருப்பது கவனத்துக்குரியது. அழித்தவன் என்ற பொருளைவிட ஆட்சியாளரை ஏமாற்றியவன் என்ற பொருளே நிலைத்தது. பிரித்தானியக் கடற்படையின் வல்லமை பற்றிய நம்பிக்கை அன்றிரவு அடைந்த அதிர்வை இச்சொல் நினைவில் வைத்திருக்கிறது.

இச்சொல்லின் தமிழ்த்தன்மை பிற்காலத்தில் அரசு ஆணையொன்றின் முன் வந்து நின்றது. 2006இல் 'எம்டன் மகன்' என்ற பெயரில் உருவான திரைப்படம், தமிழ்ப் பெயருக்கான கேளிக்கைவரி விலக்கைக் கருதி 'எம் மகன்' எனப் பெயர் மாற்றப்பட்டது. தொண்ணூறாண்டுகள் மக்கள் வாயில் புழங்கிய ஒரு சொல் வரிக்கணக்கில் அயற்சொல்லாயிற்று. வரலாற்றாய்வும் இதே பிழையைச் செய்யவேண்டியதில்லை. எம்டன் பற்றிய எழுத்துகளில் இச்சொல் கட்டுரை இறுதியில் சுவைக்காகச் சேர்க்கப்படும் துணுக்காகவே வருகிறது. உண்மையில் அது கேட்டவர்கள் விட்டுச்சென்ற முதன்மை ஆவணம்.

எம்டன் கேட்கும் கப்பலாகவும் இருந்தது என்பது இந்நேர்வின் மற்றொரு பக்கம். பிரித்தானியக் கப்பல்களின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை ஒட்டுக்கேட்டே அது தன் இலக்குகளைத் தேர்ந்தது. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க முயன்றபோது, அந்நிலையம் அனுப்பிய அவசரச் செய்தியைக் கேட்டு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, 1914 நவம்பர் 9ஆம் நாள் எம்டனை வீழ்த்தியது. சென்னை மக்கள் வானொலி என்ற சொல்லை அறிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வானலைப் போரின் விளைவு அவர்கள் கரையில் வெடித்தது. வானொலியின் வரலாற்றை 1924இல் அமைந்த சென்னை மாகாண வானொலிச் சங்கத்திலிருந்து தொடங்குவது நிறுவன வரலாற்றுக்குப் பொருந்தும். கேட்பின் வரலாற்றுக்குப் பொருந்தாது.

3. பூங்காவில் ஒலிபெருக்கி: 1930–1938

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் தோன்றிய வானொலிச் சங்கம் பொருள் நெருக்கடியால் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் கருவி மாநகராட்சிக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து மாநகராட்சி வானொலி இயங்கியது. மாலையில் இசை, மாணவர்க்கான பாடங்கள், இசைத்தட்டு ஒலிபரப்பு என அதன் நிகழ்ச்சிகள் அமைந்தன. மெரினா, மக்கள் பூங்கா, இராயபுரம் இராபின்சன் பூங்கா உள்ளிட்ட பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 ஜூன் 16ஆம் நாள் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை இவ்வேற்பாடு நீடித்தது.

நிறுவன வரலாற்றில் இவ்வெட்டாண்டுகள் அகில இந்திய வானொலிக்கு ஒரு முன்னுரையாகவே எழுதப்படுகின்றன. இது காலவரிசையில் சரி. கருத்தளவில் பெரும் வேறுபாட்டை மறைக்கிறது. மாநகராட்சி வானொலியின் ஒலிபெருக்கி தெருவிளக்கையும் பொதுக்குழாயையும் போல ஊர்ச்சேவை. கேட்பவரிடம் கருவியும் உரிமமும் வீடும் அது எதிர்பார்க்கவில்லை. 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் கட்டாயமாயிற்று. ஆண்டுக் கட்டணம் பத்து ரூபாய். அது துறைமுகக் கூலியும் ஆலைத் தொழிலாளியும் எளிதில் செலுத்தும் தொகையன்று. விடுதலை பெற்ற 1947இல்கூட இந்தியா முழுவதும் இரண்டரை இலட்சம் அளவிலான உரிமங்களே இருந்தன. உரிமக் கணக்கை மட்டும் பார்த்தால் இராயபுரம் வானொலி கேட்காத பகுதி. பூங்காவைக் கணக்கில் சேர்த்தால் நகரில் முதலில் வானொலி கேட்ட பகுதிகளுள் ஒன்று.

பூங்காக் கேட்பு வீட்டுக் கேட்பிலிருந்து தன்மையிலும் வேறுபட்டது. பெட்டியின் முன் அமர்ந்தவர் நிலையத்தை மாற்றலாம். ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். பூங்காவில் இவை எதுவும் கேட்பவர் கையில் இல்லை. ஆனால் அங்கு வேறு உரிமைகள் இருந்தன: அருகில் நிற்பவரோடு பேசலாம், கேட்டதை ஒப்பிடலாம், எழுந்து போகலாம். செவ்வியல் இசையைச் சபாவின் கட்டணமும் இருக்கை வரிசையும் இல்லாமல் கேட்கும் வாய்ப்பும் இங்குக் கிடைத்தது. செவ்வியல் இசையின் பொதுமக்கள் யார் என்று கேட்கும் ஆய்வுகள் சபா உறுப்பினரையும் தட்டு வாங்கியவரையும் எண்ணுகின்றன. மாலைநேரப் பூங்காவில் நின்றவர்கள் அக்கணக்கில் இல்லை.

இதே இராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பர் 18ஆம் நாள், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. முன்னதிலிருந்து பின்னது பிறந்தது என்று வாதிடச் சான்றில்லை; அவ்வாறு வாதிடுவது மேலோட்டமான முடிவாகும். ஆயினும் ஒலிபெருக்கியின் முன் கூட்டமாக நின்று கேட்பது அப்பூங்காவின் சூழலில் இருபதாண்டுப் பழக்கம் என்பது மேடைத்தமிழின் வரலாற்றுக்கு உரிய செய்தி. திராவிட இயக்கப் பேச்சுக்கலையை ஆராய்வோர் பேச்சாளரின் அடுக்குமொழியிலிருந்து தொடங்குகின்றனர். அதைக் கேட்ட செவிகள் முன்னரே எங்கெங்குப் பழகின என்பதும் ஆய்வுக்குரியது.

4. போர்க்காலக் கேட்பு: 1939–1945

இரண்டாம் உலகப்போரில் வானொலி போர்க்கருவியாயிற்று. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து தம் பெயரிலேயே வானொலியில் பேசினார். ஆசாத் ஹிந்த் வானொலியின் மொழிகளுள் தமிழும் ஒன்று. வரலாற்றில் முதன்முறையாக ஒரே போரின் இரு தரப்பும் தமிழில் பேசின. தமிழ் உரைநடை வரலாற்றிலும் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இக்காலத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தலைவர் உரைகளையும் தணிக்கையையும் மையப்படுத்துகின்றன. பம்பாயில் உஷா மேத்தா முதலியோர் 1942இல் நடத்திய மறைவு வானொலி இந்திய வரலாற்றில் உரிய இடம் பெற்றுள்ளது. சென்னையில் அத்தகைய வீரநிகழ்வைத் தேடிக் காணாதவர்கள், சென்னையின் போர்க்கால வானொலி வரலாறு இரண்டாம்தரமானது என்று முடிவு செய்துவிடுகின்றனர். இங்குத் தேடவேண்டியது கேட்பின் நெருக்கடி.

1942 மார்ச் 8 அன்று இரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. அந்த ஏப்ரலில் சென்னையிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மக்கள் பூங்காவில் இருந்த உயிரியல் காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது, சேதம் சிறிது. இந்நிகழ்வுகள் நூல்களில் 'சென்னையின் வெளியேற்றம்' என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. வெளியேறியவர் யார், தங்கியவர் யார் என்ற வேறுபாடு அத்தலைப்பில் தெரிவதில்லை. சொந்த ஊரில் வீடும் நிலமும் உடையவர் வெளியேறலாம். அன்றாடக் கூலியைச் சார்ந்த துறைமுகத் தொழிலாளிக்கும், கடலைச் சார்ந்த மீனவர்க்கும், படைக்குத் துணி நெய்த ஆலைத் தொழிலாளிக்கும் வெளியேற்றம் எளிய தெரிவன்று. குண்டுக்கு முதல் இலக்காகக்கூடிய இடமும், வெளியேற வழி குறைந்தவர் வாழ்ந்த இடமும் ஒன்றாகவே இருந்தன.

இப்பின்னணியில் வானொலிச் செய்தி அரசியலறிவுக்கு மட்டும் உரியதன்று. தங்குவதா போவதா என்ற முடிவுக்குரியது. மேலும் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளோடு கூலிப் பயணத்தாலும் வணிகத்தாலும் பிணைந்திருந்த கரை இது. அத்துறைகள் வீழ்ந்ததும் கடிதமும் பணவிடையும் நின்றன. உறவினர் உயிரோடிருக்கிறாரா என்பதை அறிய எஞ்சிய வழிகளுள் எதிரி நாட்டுத் தமிழ் ஒலிபரப்பும் ஒன்று. அதைக் கேட்டவர் அனைவரையும் ஆசாத் ஹிந்த் ஆதரவாளர் என்று தேசிய வரலாறு சேர்த்துக்கொள்கிறது. அரசாணைகளோ வதந்தி பரப்புவோர் என்று சேர்க்கின்றன. போர் பற்றிய வதந்தி இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் தண்டனைக்குரியதாயிருந்தது. தாய் மகனைப் பற்றிய செய்திக்காகக் கேட்டிருக்கக்கூடும் என்ற எளிய வாய்ப்பு இரண்டு வகைப்பாட்டிலும் இல்லை.

சொல்வழக்கு இங்கும் ஒரு சான்று தருகிறது. ஆலையின் வேலைநேரத்தை அறிவிக்கும் ஊதலைத் தமிழர் 'சங்கு' என்றனர். விமானத் தாக்குதலை எச்சரிக்கும் ஊதல் 'அபாயச் சங்கு' எனப்பட்டது. கோயிலிலும் சாவு வீட்டிலும் ஒலித்த சங்கின் பெயர் முதலில் ஆலைக்கும் பின்னர்ப் போருக்கும் வந்தது. ஆலைச் சங்கு உழைப்பவரை உள்ளே அழைத்தது. அபாயச் சங்கு அனைவரையும் மறைவிடத்துக்கு அனுப்பியது. தொழிற்பகுதியில் வாழ்ந்தவர்க்கு ஊதலுக்குக் கட்டுப்படுவது போர் கற்றுத்தந்த புதிய ஒழுங்கன்று. அன்றாட வாழ்வின் நீட்சி. போர்க்கால நகரின் அச்சத்தை ஒரே சீரானதாக எழுதும் நூல்கள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

போர் இசைத்தட்டின் பொருள்நிலையையும் பாதித்தது. தட்டின் முதன்மை மூலப்பொருளான அரக்கு இந்தியாவில் விளைவது. போர்த் தேவைகளுக்கும் அது பயன்பட்டது. 1942இல் அமெரிக்கா தட்டு உற்பத்திக்கான அரக்கைக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் மேலைநாடுகளில் பரவியது. பதிவு நிலையானது, நினைவு நிலையற்றது என்ற பொதுக்கருத்தை இது மறுக்கிறது. தட்டுகள் அரைபட்டன, எம்டன் என்ற சொல் அழியவில்லை.

5. எதிர்வாதங்களும் வரம்புகளும்

இத்திறனாய்வுக்கு இரண்டு எதிர்வாதங்கள் எழக்கூடும். முதலாவது, எளிய மக்களின் குரல்களும் தொடக்ககாலத்திலேயே பதிவாகியுள்ளன என்பது. 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகள் பற்றிய அரசு அளவையின் ஒரு பகுதியாக இசைத்தட்டுகள் பதியப்பட்டன. சென்னை மாகாண மொழிகளும் அவற்றில் உண்டு. முதல் உலகப்போரின்போது ஜெர்மனியின் வூன்ஸ்டார்ப் சிறைமுகாமில் இருந்த இந்தியப் படைவீரர், கப்பற்பணியாளர் ஆகியோரின் குரல்களைப் பெர்லின் அறிஞர்கள் பதிந்தனர். இவை அரிய செல்வங்களே. ஆனால் முன்னதில் பேசியவர் மொழி மாதிரிக்காக ஊதாரி மைந்தன் உவமை போன்ற குறித்த பாடத்தைச் சொன்னார். பின்னதில் பேசியவர் கைதி. எளியவர் குரல் ஆவணமாக வேண்டுமானால் அவர் மாதிரியாகவோ கைதியாகவோ ஆகவேண்டியிருந்தது. அவர் எதைக் கேட்டார், எவ்வாறு கேட்டார் என்பதற்கு அப்பதிவுகளும் நேர்விடை தருவதில்லை.

இரண்டாவது, வடசென்னையின் ஒலி அண்மைக்கால ஆய்வில் கானா வழியாக இடம்பெற்றுவிட்டது என்பது. கானா பற்றிய ஆய்வுகள் இன்றியமையாதவை. இழிவாகக் கருதப்பட்ட ஒரு கலைக்கு அவை மதிப்பைப் பெற்றுத்தந்தன. எனினும் வடசென்னையின் ஒலி என்றால் கானா மட்டுமே என்று கொள்வது மற்றொரு வேலி. அது திருவொற்றியூர்க் கீர்த்தனைகளையும், பூங்கா வானொலியையும், ஆலைச் சங்கையும், அயல்நாட்டுத் தமிழ் ஒலிபரப்பையும் அப்பகுதிக்கு அயலாக்குகிறது. தெற்குக்குச் செவ்வியல், வடக்குக்குக் கானா என்ற பங்கீடு, ஆய்வு எதிர்க்கவேண்டிய படிநிலையையே வேறு வடிவில் நிலைநிறுத்தும்.

வடக்கு, தெற்கு என்ற எதிர்நிலைக்கும் வரம்பு உண்டு. ஜார்ஜ் டவுனின் வணிகரும் காசிமேட்டு மீனவரும் ஒரே வகைக் கேட்போர் அல்லர். சாதி, பால், மொழி ஆகியவை பூங்காவுக்குள்ளும் இயங்கின. மாலைநேரப் பூங்காவில் பெண்கள் எத்துணை இயல்பாக நின்றிருக்க முடியும் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பொதுக்கேட்பைப் போற்றுவது இன்னொரு மிகைப்படுத்தலாகும்.

6. முறையியல் சார்ந்த முன்மொழிவு

கேட்பின் வரலாற்றுக்கு நான்கு வகைச் சான்றுகளை ஒருங்கே பயன்படுத்தலாம். முதலாவது சொல்வழக்கு: எம்டன், சங்கு, குழாய், பெட்டி, தட்டு போன்ற சொற்களின் பொருள் நகர்வை அகராதியியலோடு வட்டார வழக்காய்வும் சேர்ந்து காலமுறைப்படி தொகுக்கவேண்டும். இரண்டாவது குஜிலி நூல்: நிகழ்வுச் சிந்துகள் செய்தியைப் பாட்டாக்கிச் செவிக்குக் கொண்டுசென்றவை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலிய தொகுப்புகளில் உள்ள மலிவுப் பதிப்புகளையும் இசைத்தட்டுகளையும் தனித்தனித் துறையாகப் பிரிக்காமல் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். மூன்றாவது மாநகராட்சி ஆவணம்: பூங்கா, விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கான செலவுக் கணக்குகளை வானொலி வரலாற்றின் சான்றாகக் கொள்ளவேண்டும். நான்காவது வாய்மொழி வரலாறு: 1942இல் பத்து வயதினராய் இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். இச்சான்றுக்கு மட்டும் காத்திருக்கும் காலம் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் தனித்த எச்சரிக்கை தேவை. சொல்வழக்கு காலத்தைத் துல்லியமாகச் சொல்லாது. குஜிலி நூல் விற்பனைக்காக மிகைப்படுத்தும். மாநகராட்சிக் கணக்கு ஒலிபெருக்கி வைத்ததைச் சொல்லும். யார் கேட்டார் என்பதைச் சொல்லாது. முதுமை நினைவில் பிற்காலத் திரைப்படமும் அரசியலும் கலந்திருக்கும். போர் முயற்சிக்காக எடுக்கப்பட்டு 1945இல் வெளிவந்த 'பர்மா ராணி', 'மானசம்ரட்சணம்' போன்ற படங்களே போர்பற்றிய நினைவை வடிவமைத்திருக்கக்கூடும். ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பதே வழி. பதிவுச் சான்றும் இதே சோதனைக்கு உட்பட்டது என்பதை ஏற்பது இம்முறையியலின் முதல் நிபந்தனை.

முடிவுரை

தமிழ் ஒலி வரலாற்றெழுத்து பதிவையும் நிலையத்தையும் நன்கு ஆராய்ந்துள்ளது. அவ்வடித்தளமின்றி இங்கு எழுப்பிய கேள்விகளும் எழா. அதன் குறை, கேட்டவரைச் சான்று தரக்கூடியவராகக் கருதாமை. இதனால் எம்டன் ஒரு துணுக்காகவும், மாநகராட்சி வானொலி ஒரு முன்னுரையாகவும், 1942 ஒரு வெளியேற்றமாகவும் சுருங்கின. வடசென்னையிலிருந்து பார்க்கையில் முதலாவது பேரரசின் மீதான நம்பிக்கை தளர்ந்ததன் மொழி ஆவணம். இரண்டாவது வானொலி ஊர்ப்பொதுவாக இருந்த எட்டாண்டுகள். மூன்றாவது போக இடமற்றவர் செய்திக்காகக் காத்திருந்த காலம்.

துறைமுக விரிவும் தொழிற்சாலைகளும் எண்ணூர்வரையிலான கரையின் குடியிருப்புகளை மாற்றிக்கொண்டேயிருக்கின்றன. குடியிருப்பு இடம்பெயரும்போது அங்குப் புழங்கிய நினைவும் சிதறுகிறது. தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் எண்மமாக்கிக் காக்கும் பணிக்கு இன்று பல நிறுவனங்கள் முன்வந்துள்ளன. அவற்றைக் கேட்டவர்களிடம் கேட்கும் பணியை வடசென்னையின் கல்லூரிகளும் அவற்றின் தமிழ்த்துறைகளுமே முதலில் தொடங்க இயலும். அப்பணிக்கு வேண்டிய மாணவர் பலர் அக்கரையிலேயே வாழ்கின்றனர்; அவர்கள் தொடங்கவேண்டிய இடம் தம் வீட்டு முதியவர்.